தென்பெண்ணைக்கு இடம் விட்டால் விழுப்புரம் தப்புமா? கரையை உயர்த்துவதா, ஆற்றை அகல விடுவதா... முழு விளக்கம்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வழக்கமா கரையைக் கடந்த புயல் வேகமா உள்ளே போய் வலுவிழக்கும். இது அப்படிப் போகவில்லை. பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவானது.

டிசம்பர் 1 மழையோடு போனது. ஆனா விழுப்புரத்துக்குப் பெரிய அடி விழுந்தது அடுத்த நாள்தான். டிசம்பர் 2 விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்குச் சுமார் 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. அரசூர் பக்கம் சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலை மூழ்கியது. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில்வே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் ரத்தாகின, சில ரயில்கள் வேறு பாதையில் திருப்பி விடப்பட்டன.

அதன் பிறகு நடந்த விவாதம் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: "அணையை ஏன் முன்கூட்டியே திறக்கவில்லை?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா அதோடு நின்றால் பாதி விஷயம் விட்டுப் போகும். வெளியே வந்த தண்ணீர் பரவுவதற்கு ஆற்றுக்கு எவ்வளவு இடம் இருந்தது? உலகம் முழுக்க இப்போது பேசப்படும் "நதியைப் பழைய நிலைக்கு மீட்பது" என்ற யோசனை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பொருந்துமா? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறோம்.

1.68 லட்சம் கன அடின்னா எவ்வளவு?

ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். அப்படிப் பார்த்தால் 1.68 லட்சம் கன அடி என்பது விநாடிக்கு ஏறக்குறைய 47.5 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஒவ்வொரு விநாடியும் சுமார் 400 வந்து கொட்டிக்கொண்டே இருப்பதாக நினைச்சுப் பாருங்க.

சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. இதே வேகத்தில் தண்ணீர் வந்தால், முழுசா காலியாக இருக்கும் அணைகூட சுமார் 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். அன்றைக்கு அணை ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பித்தான் இருந்தது.

முன்கூட்டியே கொஞ்சம் திறந்திருந்தால் உச்சத்தைக் குறைத்திருக்கலாம், மக்களுக்குக் கூடுதல் அவகாசம் கிடைத்திருக்கும். அதை மறுக்க முடியாது. ஆனா அந்த அளவு மழையை ஒரு அணை மட்டும் தாங்கி நிறுத்தியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அணைக்குக் கீழே ஆறு எப்படி இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் சேதத்தைத் தீர்மானிக்கிறது.

ஆறு எங்கே சுருங்கியது?

தென்பெண்ணை கர்நாடகாவின் நந்தி மலைப் பகுதியில் உற்பத்தியாகி, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களைத் தாண்டி கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் இது வெறும் மணல்தான். அதனாலேயே பலர் இதை ஆறு என்றே மறந்துவிடுகிறார்கள்.

ஒரு ஆறு என்பது தண்ணீர் ஓடும் அந்தக் கோடு மட்டும் இல்லை. பெருகும்போது வழிந்து பரவும் இரு பக்கத் தாழ்வான நிலமும் அதோடு சேர்ந்ததுதான். நம்ம ஊரில் அதைப் 'படுகை' என்று சொல்வோம். வெள்ளம் அங்கே பரவும்போது வேகம் குறையும், வண்டல் படியும், தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். படுகைக்குப் போகும் வழியை அடைத்தால் அதே தண்ணீர் குறுகிய பாதையில் உயரமாகவும் வேகமாகவும் ஓடும். கரை எங்கே பலவீனமோ அங்கே உடைக்கும்.

விழுப்புரம் பகுதியில் இது மூணு விதமாக நடந்திருக்கிறது.

ஒன்று, கிளைகள் அடைபட்டது. தென்பெண்ணையிலிருந்து பிரியும் மலட்டாறு திருவெண்ணெய்நல்லூர், அரசூர் பக்கமாகப் போகிறது. பேரிலேயே 'மலடு' இருக்கிறது. பெரும்பாலான வருஷங்கள் வறண்டே கிடக்கும். வறண்ட ஆற்றில் முள் வளரும், வயல் நுழையும், கட்டடமும் வரும். 2024-ல் வெள்ளம் அந்தப் பழைய வழியைத் தேடி வந்தபோது, குறுக்கே ஊரும் நெடுஞ்சாலையும் இருந்தன. பாதிக்கப்பட்ட இருவேல்பட்டில் பார்வையிடச் சென்ற அப்போதைய அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்ட சம்பவம் நினைவிருக்கலாம். மக்களின் கோபம் எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

இரண்டு, மணல். மணலை அள்ள அள்ள ஆற்றின் தரை கீழே இறங்கும். ஆனா பாசன வாய்க்காலின் தலைமதகு பழைய உயரத்திலேயே நிற்கும். சாதாரண வெள்ளத்தில் வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏறாது, ஏரிக்குப் போகாது, நேரே கடலுக்குப் போய்விடும். பெருவெள்ளத்தில் பாலத் தூண்களின் அடிமண்ணும் கரையின் காலும் அரிக்கப்படும். தென்பெண்ணைக் கரையோரக் கிராமங்கள் மணல் குவாரிக்கு எதிராகத் திரும்பத் திரும்பப் போராடியதற்குக் காரணம் இதுதான்.

மூன்று, ஆற்றின் குறுக்கே கட்டியவை. தளவானூரில் ரூ.25.35 கோடியில் கட்டிய தடுப்பணை 2020 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2021 ஜனவரியில் அதன் ஒரு பக்கம் உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மேலும் சேதமானது. 1949-50ல் கட்டப்பட்ட எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் 2021 வெள்ளத்தில் சேதமாகி, ரூ.86 கோடிக்கும் அதிகமான செலவில் புதிதாகக் கட்டும் பணி எடுக்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் 2024 செப்டம்பரில் திறந்த சுமார் ரூ.16 கோடி மேம்பாலம் மூணே மாதத்தில், ஃபெஞ்சல் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது.

தடுப்பணையே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கோடையில் கிணறு வற்றாமல் இருக்க தடுப்பணை வேண்டும் என்பது இந்தப் பகுதி விவசாயிகளின் நியாயமான கோரிக்கை. ஆனா ஆற்றின் நடுவில் கான்கிரீட் போட்டுவிட்டு, பக்கவாட்டில் தண்ணீர் விலகிப் போக வழி வைக்கவில்லை என்றால், ஆறு பக்கச் சுவரை அறுத்துத் தானே வழி செய்துகொள்ளும்.

திண்டிவனத்தில் பெரிய ஆறே இல்லையே?

சரியான கேள்வி. விழுப்புரத்தின் பிரச்சனை ஆறு என்றால், திண்டிவனத்தின் பிரச்சனை ஏரி. ஃபெஞ்சல் மழையில் கிடங்கல் ஏரி நிரம்பி, தாழ்வான குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

இந்தப் பக்கத்தில் ஏரிகள் தனித்தனியாக இருப்பதில்லை. சங்கிலி மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்திருக்கும். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும். இடையில் உள்ள வரத்து வாய்க்காலையும் போக்கு வாய்க்காலையும் மூடி மனை போட்டுவிட்டால், நிரம்பிய ஏரிக்குத் தெருவைத் தவிர வேறு வழி இல்லை. ஏரிப் பகுதியில் அமைந்த விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் நிற்பதும் இதே கதைதான்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே வீடூர் அணை இருக்கிறது. வராக நதியும் தொண்டியாறும் சேரும் இடம். வராக நதிக்குத்தான் சங்கராபரணி, செஞ்சி ஆறு என்ற பெயர்களும் உண்டு. அணையின் கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. ஒரு சின்னக் கணக்கு: 51 செ.மீ. மழை முழுசாக வழிந்து வந்தால், வெறும் 34 சதுர கி.மீ. நிலத்தில் பெய்த மழையே இந்த அணையை நிரப்பிவிடும். அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியோ அதைவிடப் பல மடங்கு பெரியது. அதனால்தான் வீடூர் நிரம்பியதும் கீழே புதுச்சேரி வரை சங்கராபரணிக் கரையோரப் பகுதிகள் தண்ணீரில் மிதந்தன.

இயற்கையே கட்டிய வடிகால்

திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம், வானூர் வட்டங்களில் கழுவேலி இருக்கிறது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து, உப்புக்கழி வழியாக இடையன்திட்டு முகத்துவாரத்துக்குப் போய்க் கடலில் சேர்கிறது. மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். வெள்ளப் படுகை எப்படி வேலை செய்யும் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் பக்கத்திலேயே கிடையாது.

2021 டிசம்பரில் 5,151.6 ஹெக்டேர் பரப்பு கழுவேலி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இதில் பறவை மட்டும்தானே சம்பந்தப்பட்டது என்று நினைக்க வேண்டாம். இந்தப் பரப்பு முழுவதும் ஒரு மீட்டர் தண்ணீர் ஏறினால் சுமார் 1,819 மில்லியன் கன அடி. அதாவது மூணு வீடூர் அணை! சிமெண்ட் மூட்டை ஒன்றுகூடச் செலவில்லாமல் கிடைத்த கொள்ளளவு இது.

கழுவேலிக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. தென்பெண்ணையின் படுகைக்கு அப்படி ஒன்று இல்லை.

உலகத்தில் யாராவது ஆற்றை மீட்டிருக்காங்களா?

மூணு அனுபவங்களைப் பார்க்கலாம்.

அமெரிக்கா, கிஸ்ஸிமி ஆறு: ஃபுளோரிடாவில் வளைந்து வளைந்து 166 கி.மீ. ஓடிய ஆற்றை, வெள்ளத்தைத் தடுக்கிறோம் என்று 1962 முதல் 1971 வரை சுமார் 90 கி.மீ. நீளமுள்ள நேர் கால்வாயாக வெட்டினார்கள். படுகை காய்ந்தது, நீர்ப்பறவைகள் பெருமளவு காணாமல் போயின. பிறகு கால்வாயின் ஒரு பகுதியை மண் போட்டு மூடி, பழைய வளைவுகளைத் திறந்தார்கள். அந்த வேலை முடிந்தது 2021-ல். செலவு சுமார் 100 கோடி டாலர். நேராக்க ஒன்பது வருஷம் ஆனது. திருப்பி வளைக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நெதர்லாந்து, 'ஆற்றுக்கு இடம்' திட்டம்: 1995-ல் வெள்ள அபாயத்தால் சுமார் 2.5 லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்தது. அதன் பிறகு கரையை உயர்த்திக்கொண்டே போவதை மாற்றி, 30-க்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றை அகல விட்டார்கள். நைமேகன் நகரத்தில் கரையையே சுமார் 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். இன்னொரு இடத்தில் விவசாயிகளே ஒரு யோசனை சொன்னார்கள்: கரையைத் தாழ்த்துங்க, பெருவெள்ளத்தில் எங்க நிலத்துக்குள் தண்ணீர் வரட்டும், வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் உயரமான மேட்டில் கட்டிக்கிறோம். அப்படியே செய்தார்கள். ஆனா எல்லோராலும் அங்கேயே இருக்க முடியவில்லை. பல குடும்பங்கள் நிலத்தை விட்டு வேறு இடம் போக வேண்டி வந்தது.

கேரளா: 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு இதே பெயரில் ஒரு திட்டம் பேசப்பட்டது. குட்டநாட்டு வெள்ளம் கடலுக்கு வடிய தோட்டப்பள்ளி முகத்துவாரத்தை அகலப்படுத்தினார்கள். அங்கே அள்ளிய தாது மணலை எடுத்துப் போவதற்கு எதிராக உள்ளூர் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. 'ஆற்றை அகலப்படுத்துகிறோம்' என்ற பலகைக்குப் பின்னால் மணல் லாரி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விழுப்புரத்துக்கு இது பொருந்துமா?

அப்படியே காப்பி அடிக்க முடியாது. ரைன் நதியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும். தென்பெண்ணையில் சில நாள் வெள்ளம், பல மாதம் மணல். இங்கே ஆற்றை மீட்பது என்றால் வெள்ளத்தையும் தணிக்க வேண்டும், கோடைக்கும் தண்ணீர் சேர்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம், படுகை நம்ம ஊரில் வெறும் புல்வெளி இல்லை. வாய்க்காலும் ஏரியும்தான் நம் முன்னோர் செய்த படுகை. ஆற்று வெள்ளத்தை மைல் கணக்கில் உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பரப்பும் ஏற்பாடு அது. எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. துரிஞ்சலாற்றில் கீரனூர் அணைக்கட்டில் தொடங்கி பனமலை ஏரி வரை போகும் நந்தன் கால்வாயில் முழு அளவு தண்ணீர் வர வேண்டும் என்று விவசாயிகள் பல வருஷமாகக் கேட்கிறார்கள். அதுவும் ஆற்றை மீட்பதில் ஒரு பகுதிதான்.

ஆனா வாய்க்காலைத் தூர்வாரினால் மட்டும் 2024 மாதிரி வெள்ளம் அடங்கிவிடாது. லட்சக்கணக்கான கன அடி வரும்போது பாசன வாய்க்கால்கள் இழுப்பது அதில் ஒரு துளிதான். பெருவெள்ளத்துக்கு நிலமே வேண்டும்.

எவ்வளவு நிலம்? மறுபடி கணக்குப் போடலாம். 1,000 ஹெக்டேரில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பரவினால் சுமார் 353 மில்லியன் கன அடி பிடிக்கும். 1.68 லட்சம் கன அடியையும் அங்கே திருப்பினால் 35 நிமிஷத்தில் நிரம்பிவிடும். "அவ்ளோதானா?" என்று தோணும். ஆனா உச்சத்திலிருந்து 20,000 கன அடியை மட்டும் கழித்து அங்கே அனுப்பினால், கிட்டத்தட்ட 5 மணி நேரம் தாங்கும். கரை உடைவதற்கும் உடையாமல் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் சில நேரம் அந்த மேல் ஒரு அடித் தண்ணீர்தான். ராத்திரி இரண்டு மணிக்கு வெள்ளம் வருகிறது என்றால், குழந்தைகளையும் வயசானவங்களையும் மாட்டையும் மேட்டுக்குக் கொண்டுபோக அந்த 5 மணி நேரம் உயிர் காக்கும்.

சிக்கல்: அந்த நிலம் யாருடையது?

இங்கேதான் பேச்சு கடினமாகிறது. ஆற்றோர நிலத்தில் புறம்போக்கும் உண்டு, பட்டா நிலமும் உண்டு. பட்டா வைத்திருக்கும் சின்ன விவசாயி, "விழுப்புரம் டவுன் தப்பிக்க என் வயலை மூழ்க விடணுமா?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி.

இப்போதும் அவர் வயல் மூழ்கத்தான் செய்கிறது. ஃபெஞ்சலில் பல இடங்களில் வயல் மேல் மணல் மேடாகக் குவிந்தது. நெற்பயிருக்கு அரசு அறிவித்த நிவாரணம் ஹெக்டேருக்கு ரூ.17,000. ஏக்கருக்கு ஏழாயிரம் ரூபாய்கூட வராது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரூ.2,000. அதாவது நிலம் ஏற்கெனவே வெள்ளத்தைத் தாங்குகிறது. முன்கூட்டியே பேசி வைத்த விலைதான் இல்லை. நிலத்தைப் பிடுங்காமல், 'பெருவெள்ளத்தில் உங்கள் நிலத்தில் தண்ணீர் விடுவோம், அதற்கு இவ்வளவு தொகை, மணலை அகற்றுவது அரசு செலவு' என்று எழுத்தில் ஒப்பந்தம் போடுவது ஒரு வழி.

குடிசைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சென்னையில் அடையாறு, கூவம் மீட்பு என்ற பெயரில் கரையோரம் இருந்த குடும்பங்கள் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டன. வேலையும் பள்ளியும் பழைய இடத்தில், வீடு பல கிலோமீட்டர் தள்ளி. செம்மஞ்சேரியிலும் மழைக்குத் தண்ணீர் நின்றது. குடிசையை எடுத்துவிட்டு, அதே படுகையில் இருக்கும் பெரிய கட்டடங்களைத் தொடாமல் விட்டால், அதை நதி மீட்பு என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

வெள்ளப் படுகையில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று வகைப்படுத்த, மத்திய அரசு 1975-லேயே மாதிரிச் சட்ட வரைவை மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் போன்ற சில மாநிலங்கள்தான் சட்டம் இயற்றின. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை.

ஏரிகளுக்காக நம்மிடம் 2007-ம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. ஆற்றுப் புறம்போக்குக்கு 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். இரண்டும் ஆக்கிரமித்த பிறகு அகற்றுவதைப் பற்றியவை. பட்டா நிலமாகவே இருக்கும் ஒரு படுகை நாளைக்கு மனைப் பிரிவாக மாறுவதைத் தடுக்க, படுகை என்ற காரணத்தை மட்டும் சொல்லும் தனிச் சட்டம் இல்லை.

அடுத்து என்ன செய்யலாம்?

• வரைபடம்: 2021, 2024 வெள்ளம் எதுவரை வந்தது என்பதை சர்வே எண்ணோடு குறித்து, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டலாம். வீட்டுமனை வாங்குபவர் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

• மலட்டாறு: கிளையின் முகப்பைத் திறந்து, நெடுஞ்சாலைக்குக் கீழே தண்ணீர் போகும் வழியை அகலப்படுத்தினால், ஆற்றின் மேல் அழுத்தம் குறையும். வறண்ட மலட்டாற்றுக் கிராமங்களின் கிணறுகளுக்கும் தண்ணீர் ஊறும்.

• கரை: உடைந்த இடத்திலேயே அதே கரையை இன்னும் உயரமாகக் கட்டும் முன், பின்னால் தள்ளிக் கட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஊருக்கு அருகே கரை வலுவாக இருக்கட்டும், வயல் பக்கம் ஆறு விரியட்டும்.

• ஏரிச் சங்கிலி: திண்டிவனத்தில் கிடங்கல் ஏரியின் உபரி நீர் போகும் பாதையை அளந்து, முழு நீளத்துக்கும் திறந்துவிட வேண்டும். நடுவில் 100 மீட்டர் அடைபட்டிருந்தாலும் மீதி தூர்வாரியது வீண்.

• அணை இயக்கம்: சாத்தனூரில் எந்த நீர்மட்டத்தில், எவ்வளவு மழை எச்சரிக்கைக்கு எவ்வளவு திறப்பார்கள் என்ற விதிமுறையைத் தமிழில் வெளியிட்டால், "சொன்னோம், சொல்லலை" என்ற சண்டைக்கே இடம் இருக்காது.

இதில் எதுவும் ஒரே மழைக்காலத்தில் முடியாது. ஆனா முதல் வேலைக்குப் பெரிய பணம் தேவையில்லை. 2024 டிசம்பர் 2-ம் தேதி தண்ணீர் எங்கே நின்றது என்று கரையோர ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். பல வீட்டுச் சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கும். அது அழியும் முன், அங்கே அடுத்த மனைப் பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் முன், அந்தக் கோட்டை அரசு தன் வரைபடத்தில் ஏற்றுமா என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி.